செத்தால் மறுபடி எழலாம்: ஒரு கணினி விளையாட்டும் இடைக்காலப் போர் வரலாறும்



படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு பயிற்சிக் கட்டுரை கொடுத்திருந்தேன். தலைப்பு வழக்கமானதுதான்: 'என் ஓய்வு நேரம்'. வந்ததில் பாதிக்கு மேல் பூப்பந்து, மீதியில் பாதி மீன்பிடித்தல். ஒரு கட்டுரை மட்டும் வேறு மாதிரி இருந்தது. இரவு நேரத்தில் இணையத்தின் வழி அறுபத்து நான்கு பேர் சேர்ந்து வாள்சண்டை போடும் விளையாட்டைப் பற்றி அந்தப் பையன் எழுதியிருந்தான். எழுத்துப் பிழை நிறைய. ஆனால் படிக்க உயிரோடு இருந்தது. நடுவிலே ஒரு வாக்கியம்: 'முழு இரும்புக் கவசம் போட்ட வீரனும் ஓடலாம், குனியலாம், விழுந்தால் எழுந்து சண்டை போடலாம்.' அதன் கீழே சிவப்புக் கோடு போட்டு, ஓரத்தில் 'கருத்துப் பிழை' என்று எழுதி, இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

மறுநாள் ஓய்வு நேரத்தில் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"சார், இது பிழையில்லே சார்."

"எங்கே படிச்சே?"

"படிக்கலே சார். விளையாடினேன்."

விளையாட்டு சான்று ஆகாதுப்பா என்றேன். கவசம் அறுபது கிலோ இருக்கும், வீரனைக் குதிரை மேலே ஏற்றுவதற்கே தூக்கு எந்திரம் வேண்டும், விழுந்தால் ஆமையைக் கவிழ்த்த மாதிரிதான் என்று பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்ததையே அவனுக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டான். பிறகு, திமிராக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற மாதிரி கேட்டான்: "சரி சார். உங்க சான்று என்ன சார்?"

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து தேடினேன். என்னிடம் சான்று எதுவும் இல்லை. சின்ன வயதில் எங்கேயோ கேட்டதும், ஒரு பழைய படமும்தான் இருந்தன. அந்தப் படம் 1944-இல் லாரன்ஸ் ஒலிவியர் இயக்கி நடித்த 'ஐந்தாம் ஹென்றி'. கவசம் போட்ட வீரனைக் கயிற்றில் தொங்கவிட்டுக் குதிரை மேல் இறக்கும் காட்சி அதிலே வரும். தூக்கு எந்திரக் கதை ஊர் ஊராகப் பரவ அந்தக் காட்சி பெரிய காரணம். ஆக, நான் ஒரு சினிமாவை வைத்துக்கொண்டு அவனுடைய விளையாட்டைத் தப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மில் பல பேருக்கு இது புது உலகம். இடைக்கால ஐரோப்பியச் சண்டையைப் பலர் சேர்ந்து விளையாடும் விளையாட்டுகள் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளாகவே நன்றாகப் பரவியிருக்கின்றன. துருக்கியின் அங்காரா நகரத்தில் உருவான 'மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்' 2010-இல் வந்தது. கனடாவின் டொரொண்டோவிலிருந்து 'சிவல்ரி: மெடிவல் வார்ஃபேர்' 2012-இல் வந்தது, ஐந்து ஆண்டுக்கு முன்னால் அது வேறொரு விளையாட்டின் மேல் ரசிகர்கள் ஒட்டுப்போட்டுச் செய்த இலவச வடிவமாகத்தான் இருந்தது. நம் பையன் விளையாடியது 'மோர்ட்ஹாவ்'. டிரிடெர்னியன் என்ற சின்னக் குழு, பொதுமக்களிடம் இணையத்தில் பணம் திரட்டி, 2019 ஏப்ரலில் வெளியிட்டது. இரண்டு அணி, ஒரு கோட்டையோ முகாமோ, ஆளுக்கு ஓர் ஆயுதம். அவ்வளவுதான். போர்க்களத்தின் நடுவில் லூட் என்ற நரம்புக் கருவியை வாசித்துக்கொண்டு நிற்கிறவர்களும் உண்டு. தோசைக்கல் மாதிரி ஒரு வாணலியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு.

சனிக்கிழமை அவனையே கூப்பிட்டுப் பள்ளிக் கணினி அறையில் அவனுடைய மடிக்கணினியில் ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்தேன். எத்தனை முறை செத்தேன் என்று எண்ணவில்லை. அதில் பாதி என் அணிக்காரர்களே என்னைக் கொன்றது. ஏனென்றால் இந்த விளையாட்டில் வாள் யாரைத் தொட்டாலும் வெட்டும். நம்ம ஆள், எதிரி ஆள் என்று பார்க்காது. நெருக்கத்தில் அகலமாக வீசினால் பக்கத்தில் நிற்கிறவன் தலை போகும். பத்து நிமிடத்தில் நானே வீசுவதை விட்டுவிட்டுக் குத்த ஆரம்பித்தேன். கூட்டத்துக்குள் ஈட்டியும் நேராகக் குத்துகிற ஆயுதங்களும் ஏன் அத்தனை முக்கியமாக இருந்தன என்பது, எந்தப் பாட நூலை விடவும் வேகமாக எனக்கு அன்றுதான் புரிந்தது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்றையும் அவன் காட்டினான். "இப்போ பாருங்க சார்" என்று ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் இருந்த வீரன் நீள வாளைத் தலைகீழாகத் திருப்பினான். கூர்ப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கைப்பிடியால் எதிரியின் தலைக்கவசத்தில் ஓங்கி அடித்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை அறுந்து போகாதா? "அதுதான் சார் மோர்ட்ஹாவ். அந்தப் பேருதான் கேமோட பேரு."

சொல் ஜெர்மன் சொல். கொலையடி என்று பொருள். இது விளையாட்டுக்காரர்கள் கற்பனை செய்ததில்லை. ஜெர்மனியின் தென்பகுதியைச் சேர்ந்த ஹான்ஸ் டால்ஹோஃபர் என்ற சண்டைப் பயிற்சி ஆசான் 1467-இல் செய்வித்த படக் கையேடு ஒன்று மியூனிக்கில் பவேரிய அரசு நூலகத்தில் இருக்கிறது. அதிலே இதே பிடி, இதே அடி வரையப்பட்டிருக்கிறது. வெறுங்கையால் வாளின் அலகைப் பிடித்திருப்பவர்களையும் அதில் காணலாம். கத்தியை இறுக்கிப் பிடித்து, கைக்குள் நழுவவிடாமல் வைத்திருந்தால் அது அறுக்காது, இழுபட்டால்தான் அறுக்கும். சமையலறையில் கத்தி பிடிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அப்படித் திருப்பிப் பிடிக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? கவசத்திலிருந்து. நல்ல இரும்புத் தகட்டை வாளால் வெட்ட முடியாது. ஆகவே வாளையே சுத்தியலாக மாற்றினார்கள், அல்லது அலகின் நடுவில் ஒரு கை வைத்து ஊசி மாதிரி இடுக்குகளில் குத்தினார்கள்.

(டால்ஹோஃபர் கையேட்டில் கணவனும் மனைவியும் நீதிமன்றச் சண்டை போடும் படமும் உண்டு. சமன் செய்வதற்காகக் கணவனை இடுப்பளவு குழிக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். மனைவி கையில் துணியில் முடிந்த கல். வகுப்பில் யாராவது தூங்கினால் இதைச் சொல்லுங்கள்.)

நம் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமான கையேடு ஒன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து அரச ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலத்தைச் சேர்ந்தது. இன்று கிடைத்திருக்கும் ஐரோப்பிய வாள் கையேடுகளில் மிகப் பழையது இதுதான். ஒரு பாதிரியாரும் அவருடைய மாணவனும் வாள், சிறு கேடயம் வைத்துப் பயிற்சி செய்வதுதான் பக்கத்துக்குப் பக்கம். கடைசியில் வல்புர்கிஸ் என்ற பெண்ணும் வாளோடு வருகிறாள். ஆசிரியர், மாணவர், பாடம், திருத்தம். கையேட்டின் வடிவமே வகுப்பறை வடிவம்தான்.

இனி என் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். போர்க்களத்துக்குப் போட்ட முழுத் தகட்டுக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். வாள் நாம் நினைப்பது போல ஐந்து, பத்து கிலோ கிடையாது. ஒருகை வாள் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே, இருகை நீள வாள் ஒன்றரை கிலோ அளவில். கவசத்தின் எடை தோளில் மூட்டையாக ஏறாமல் உடம்பெங்கும் பரவி நிற்கும். பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோ இளமையில் செய்த பயிற்சிகளை அவருடைய காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு வருணிக்கிறது: கவசத்தோடு குட்டிக்கரணம் போடுவார், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கமாகக் கைகளாலேயே தொங்கித் தொங்கி ஏறுவார். புகழ்ச்சி கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் எழவே முடியாத ஆமையைப் பற்றி யாரும் இப்படிப் புகழ்ந்து எழுத மாட்டார்கள்.

பையன் சொன்னது சரி. ஆனால் அவனுக்கும் ஒரு பாதிதான் தெரிந்திருந்தது. 2011-இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கவசம் போட்டுப் பழகிய நான்கு பேரை ட்ரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு அவர்களுடைய மூச்சை அளந்தார்கள். கவசத்தோடு நடப்பதற்குக் கவசமில்லாமல் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவானது. முக்கியக் காரணம் கால்களில் இருக்கும் இரும்பு. ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டும். மார்புத் தகடு ஆழ்ந்து மூச்சு விடவும் இடம் கொடுக்கவில்லை. எழ முடியும், ஓட முடியும். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. விளையாட்டிலும் களைப்பைக் காட்ட ஒரு கோடு ஏறி இறங்குகிறது. ஆனால் கொஞ்சம் ஒதுங்கி நின்றால் நிரம்பிவிடுகிறது. ஒருவனைக் கொன்றாலும் நிரம்பிவிடுகிறது!

மறு வாரம் அவனை நான் கேட்டேன்: "உன் வீரன் காலையிலே என்ன சாப்பிட்டான்?"

விழித்தான். "அவன் சாப்பிட மாட்டான் சார்."

"சம்பளம்?"

"தங்கம் கிடைக்கும் சார். அதிலே தொப்பி வாங்கலாம்."

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. விளையாட்டு ஒரு போரில் சில நிமிடங்களை மட்டும் வெட்டி எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. மீதிப் போர் எங்கே? அஜின்கோர்ட் போரை எடுத்து இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

போர் நடந்தது 1415 அக்டோபர் 25, ஒரே நாள். அதற்கு முன்னால் ஆகஸ்ட் மாதமே இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி பிரான்சில் இறங்கி ஹார்ஃப்ளூர் துறைமுகத்தை முற்றுகையிட்டார். செப்டம்பர் 22-இல் ஊர் பணிந்தது. அதற்குள் முகாமில் வயிற்றுக்கடுப்பு பரவியது. சஃபோக் பிரபு அந்த நோயிலேயே முற்றுகையில் செத்தார். பட்டம் மகனுக்கு வந்தது. ஐந்து வாரம் கழித்து அந்த மகன் அஜின்கோர்ட் களத்தில் செத்தார். அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, மகனுக்கு ஆயுதம். இதைச் சொன்னபோது பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "டயரியாவாலேயா சார்?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு மீதிப் படை காலே நகரத்தை நோக்கி நடந்தது. சோம் ஆற்றைக் கடக்கப் பிரெஞ்சுப் படை விடவில்லை. இடம் தேடி உள்நாட்டுக்குள் வெகுதூரம் சுற்ற வேண்டியிருந்தது. மழை. போருக்கு முந்தின இரவும் மழை. உழுது போட்ட நிலம், இரண்டு பக்கமும் காடு. கவசம் போட்ட பிரெஞ்சு வீரர்கள் முகமூடியை இறக்கிக்கொண்டு, அம்பு மழைக்குள் சேற்றில் நடந்து வந்தார்கள். முன்னால் போனவர்கள் விழ, பின்னால் வந்தவர்கள் நெருக்க, அவர்கள் மேலேயே விழுந்தார்கள். என் ஆமைக் கதைக்கும் இங்கே ஒரு வேர் இருக்கிறது: விழுந்தவன் எழ முடியாமல் போனது உண்மை. எடை மட்டும் காரணமில்லை. சேறு, களைப்பு, மேலே கிடக்கிற ஆள் என எல்லாம் சேர்ந்துதான். விளையாட்டில் செத்தவன் உடல் யார் காலையும் தடுக்காது. மேலே ஏறி ஓடிக்கொண்டே இருக்கலாம்.

பூசிக்கோவை நினைவிருக்கிறதா? ஏணியில் தொங்கியவர். அவரும் அந்தக் களத்தில் இருந்தார். சிறைபிடிக்கப்பட்டார். 1421-இல் இங்கிலாந்தில் கைதியாகவே இறந்தார். பிணக்குவியலுக்குள்ளிருந்து இழுத்தெடுக்கப்பட்ட ஓர்லியன் கோமகன் சார்லஸுக்கு அப்போது வயது இருபது, விடுதலையானது 1440-இல். இருபத்தைந்து ஆண்டு! சிறையிலிருந்து கவிதை எழுதினார். ஒரு கோமகனை உயிரோடு பிடித்தால் பிணைப்பணம் கிடைக்கும். வெட்டிப் போட்டால் நட்டம். விளையாட்டில் கொன்றால்தான் புள்ளி. உயிரோடு பிடிப்பதற்குப் பொத்தானே இல்லை. அதே நாளில் ஹென்றி, பிரெஞ்சுப்படை மறுபடி தாக்கும் என்று அஞ்சிக் கைதிகளைக் கொல்லச் சொன்னார் என்பதையும் அவனுக்குச் சொன்னேன். பணத்தைக் கொல்லச் சொன்ன மாதிரிதானே சார் என்றான். கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது. அது கணக்கு மட்டும்தானா என்று நான் கேட்டேன். அதற்கு அன்று பதில் வரவில்லை.

காயத்தைப் பற்றியும் பேசினோம். விளையாட்டில் அடிபட்டால் கொஞ்சம் ஒளிந்திருந்தால் போதும், உடம்பு தானாக ஆறும். இதே ஹென்றி இளவரசராக இருந்தபோது, 1403 ஜூலையில் ஷ்ரூஸ்பரி போரில், பதினாறு வயதில், முகத்தில் அம்பு பாய்ந்தது. அம்பின் தண்டை உருவிவிட்டார்கள். இரும்பு முனை மண்டைக்குள் ஏறக்குறைய பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றுவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் காயத்தின் வாயைத் தேன் தடவிய துணிச்சுற்றிய குச்சிகளால் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கினார். திருகோடு கூடிய இடுக்கி ஒன்றைத் தானே வடிவமைத்து முனையை வெளியே எடுத்தார். பிறகு ஒயினால் கழுவி, இருபது நாள் காயத்தைப் பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். படிவம் நான்கு பையனுக்கும் வயது பதினாறு. அவன் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். அம்பில் பிழைத்த ஹென்றி, 1422-இல் முப்பத்தைந்து வயதில் நோயில் இறந்தார். அதுவும் வயிற்றுக்கடுப்புதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

இளவரசனுக்கு மருத்துவர் இருந்தார், எழுத ஆள் இருந்தது. சாதாரண வீரனுக்கு? 1996-இல் இங்கிலாந்தின் டவுட்டன் ஊரில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது ஒரு குழியில் ஏறக்குறைய நாற்பது பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1461 மார்ச் 29, பனி கொட்டிய ஒரு குருத்து ஞாயிறன்று அங்கே நடந்த போரில் செத்தவர்கள். பெரும்பாலும் தலையில்தான் வெட்டு. ஒரே மண்டையில் பல வெட்டு. ஒருவருடைய தாடையில் பழைய பெருங்காயம் ஆறிய அடையாளமும் இருந்தது. ஒரு போரில் முகம் பிளந்து, பிழைத்து, ஆண்டுகள் கழித்து மறுபடி படைக்கு வந்து, இங்கே முடிந்திருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

பெயர் தெரிந்தவர்களும் உண்டு, அதுவும் சம்பளத்தால். அன்றைய படைகள் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவை. 1415-இல் வில்லாளிக்கு நாளுக்கு 6 பென்ஸ், கவசம் போட்ட வீரனுக்கு 12 பென்ஸ். கைதேர்ந்த தச்சரின் நாள்கூலியும் ஏறக்குறைய 6 பென்ஸ்தான். காசு கொடுக்க ஆள் எண்ண வேண்டும், எண்ணினால் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல்களில் பல லண்டனில் இங்கிலாந்துத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. வரலாற்றாளர் ஆன் கர்ரி இவற்றையும் பிரெஞ்சு ஆவணங்களையும் வைத்து 2005-இல் எழுதிய நூலில், இரண்டு படைக்கும் இருந்த வித்தியாசம் பழைய கதைகளில் வருகிற அளவுக்குப் பெரிதில்லை என்று வாதிட்டார்: ஆங்கிலேயர் ஏறக்குறைய 9,000, பிரெஞ்சுக்காரர் 12,000. வேறு வரலாற்றாளர்கள் இதை ஏற்கவில்லை; விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

தேர்வு எழுதும் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். போருக்குப் பிறகு எழுதப்பட்ட வெற்றிக் கதைக்கு எதிரியைப் பெருக்கிக் காட்டக் காரணம் இருக்கிறது. சம்பளக் கணக்கனுக்கு அந்தக் காரணம் இல்லை. அவனுக்குத் தலைக்கு எத்தனை காசு என்பதுதான் கவலை. ஆனால் சம்பளப் பட்டியல் சேறு எப்படி இருந்தது என்று சொல்லாது. அதற்குக் களத்தில் இருந்தவர் எழுதிய குறிப்பு வேண்டும். விளையாட்டையும் இதே மாதிரி விசாரியுங்கள்: யார் செய்தது, யாருக்காக, எதை விட்டுவிட்டது, ஏன். ஒரு போட்டி அரை மணிக்குள் முடிய வேண்டும், தோற்றவனும் நாளைக்குத் திரும்பி வர வேண்டும் என்று நினைத்துச் செய்கிறவன் வயிற்றுக்கடுப்பை உள்ளே வைப்பானா? 'சான்று நம்பத்தக்கதா' என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள், 'எதற்கு நம்பலாம்' என்று எழுதிப் பாருங்கள். மோர்ட்ஹாவ் வாளை எப்படிப் பிடித்தார்கள் என்பதற்கு அது நம்மை டால்ஹோஃபரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. படைவீரன் எப்படி வாழ்ந்தான் என்று கேட்டால் வாயைத் திறக்காது.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. இந்த விளையாட்டில் கையும் தலையும் துண்டாகும், இரத்தம் தெறிக்கும். வகுப்பில் திரையில் போட்டுக் காட்ட நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை பார்த்ததே எனக்குப் போதும். டால்ஹோஃபர் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அச்செடுத்துக் கொடுத்தாலே பேச்சு வந்துவிடும். விளையாடுகிற பையன்கள் தாமாகவே விளக்க ஆரம்பிப்பார்கள். வழக்கமாக வாய் திறக்காத பையன்கள் அவர்கள்.

1369 முதல் 1453 வரை இங்கிலாந்துக்காகப் படைக்குப் போனவர்களின் பெயர்களை அந்தப் பட்டியல்களிலிருந்து தொகுத்து, யாரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பையன் ஒரு மாலை முழுக்க அதிலேயே கிடந்தானாம். வில்லாளி, வில்லாளி, வில்லாளி என்று பெயர் பெயராக வந்ததாம். "எல்லாரும் ஜான், இல்லேன்னா வில்லியம் சார்" என்றான். "இவங்கள்லே எத்தனை பேர் திரும்பி வீட்டுக்குப் போனாங்க சார்?" சிலருடைய பெயருக்குப் பக்கத்தில் நோயாளி என்று குறித்து ஊருக்கு அனுப்பிய பட்டியல்களும் உண்டு, தேடிப் பார் என்றேன்.

அவன் கட்டுரையைத் திரும்ப வாங்கி, 'கருத்துப் பிழை' என்பதை அடித்துவிட்டு, இரண்டு மதிப்பெண்ணையும் கொடுத்துவிட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். ஆனால் 'வாள்' என்று வர வேண்டிய இடத்தில் ஐந்து முறை 'வால்' என்று எழுதியிருந்தான். மாவீரர்கள் எல்லாரும் வாலைச் சுழற்றிக்கொண்டு கோட்டைக்குள் பாய்கிறார்கள். அதற்குக் குறைத்ததை நான் திருப்பவில்லை.